மைக்கா ஷட்டருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது

சமையலறை அலமாரி பழசாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் மரம் காரணமாக இருக்காது. உள்ளே ப்ளைவுட் கெட்டியாக இருக்கும், ஹிஞ்ச் ஒழுங்காக மூடும்; மேலே ஒட்டிய மைக்காவின் நிறம் மட்டும் மங்கியிருக்கும், அல்லது அந்தக் காலத்துப் பழுப்பு நிறம் வீட்டையே இருட்டாகக் காட்டும். இதற்காக அலமாரியையே பெயர்த்தெடுத்துப் புதிதாகச் செய்வது பணத்துக்கும் கேடு, நல்ல மரத்துக்கும் கேடு. ஷட்டர்களுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் அடுக்களை புதிதாகிவிடும்.

ஆனால் மைக்காவின் மேல் அடித்த பெயிண்ட் சில மாதங்களில் தோல் தோலாக உரிந்து வந்த வீடுகளும் உண்டு. அங்கே குறை பெயிண்ட்டில் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். மொத்த வேலையில் முக்கால் பங்கு அந்த முன்வேலைதான். இந்த அத்தியாயத்திலும் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மைக்காவில் பெயிண்ட் ஏன் எளிதில் ஒட்டுவதில்லை

மைக்கா தகடு காகிதத்தால் ஆனது. ஃபீனாலிக் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்கள் பல அடுக்காக அடியில் இருக்கும். நிறமோ மர ரேகையோ அச்சிட்ட காகிதம், மெலமைன் பிசினில் ஊறி, அவற்றின் மேல் இருக்கும். எல்லாவற்றையும் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்த்து அமுக்கி ஒரே தகடாக்குகிறார்கள். நம் வீட்டு ஷட்டர்களில் இருப்பது பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு.

இறுகிய மெலமைன் தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே விடாது. சமையலறைக்கு மைக்கா ஏற்றதாக இருப்பது அதனால்தான். பெயிண்ட்டுக்கு அது இடம் கொடுக்காததற்கும் அதுவே காரணம். வெறும் மரம் பிரைமரைக் குடித்து நாருக்குள் பிடித்துக்கொள்ளும். மைக்கா எதையும் குடிக்காது. ஆகவே பிடிமானத்தை நாம்தான் இரண்டு வழிகளில் உண்டாக்க வேண்டும்: உப்புத்தாளால் பரப்பெங்கும் நுண்ணிய கீறல்கள் போடுவது, வழுவழுப்பான பரப்பிலும் ஒட்டும்படி செய்யப்பட்ட பிரைமரை அடிப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் பெயிண்ட் நிற்கும்.

உங்கள் ஷட்டர் எந்த வகை

ஒரு ஷட்டரைக் கழற்றி, ஹிஞ்ச் பதியும் வட்டக் குழிக்குள் பாருங்கள்.

அடுக்கடுக்கான மரக்கோடுகள் தெரிந்தால் அது ப்ளைவுட் மேல் ஒட்டிய மைக்கா. பெயிண்ட்டுக்கு மிக ஏற்றது இதுதான்.

மரச்செதில்களும் தூளும் ஒட்டியதுபோல் தெரிந்தால் அது பிரீலேம் பார்ட்டிக்கிள் போர்டு. அதன் மேலே இருப்பது தகடு இல்லை, ஒற்றைக் காகிதப் படலம்தான். பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் மெல்லத் தேய்க்க வேண்டும், தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும். சிங்க்கின் கீழே இருக்கும் பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீர் குடித்து ஊதியிருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. அந்த ஷட்டரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஓரங்களில் இணைப்பே இல்லாமல், முகப்பிலிருந்து பக்கவாட்டு வரை ஒரே பிளாஸ்டிக் படலம் போர்த்தியிருந்தால், குழிக்குள் மாவு போன்ற சீரான பலகை தெரிந்தால், அது எம்.டி.எஃப். மேல் பி.வி.சி. ஃபாயில். அடுப்புச் சூட்டில் இந்தப் படலம் ஓரத்திலிருந்து கழன்று வரும். கழலத் தொடங்கிய படலத்தின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் படலத்தோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். அப்படிப்பட்ட ஷட்டரில் படலத்தை முழுதாக உரித்துவிட்டு, அடியில் உள்ள எம்.டி.எஃப்.புக்குப் பிரைமர் அடிப்பதே சரி.

வகை தெரிந்தபின் ஒவ்வொரு ஷட்டரையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் மைக்கா பலகையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதை முதலில் ஒட்டி, இறுக்கி, காயவிட வேண்டும். கரையான் அரித்த பலகைக்கும் விரிசல் விட்ட பலகைக்கும் இந்த வேலை பயன்படாது. மைக்கா ஒட்டிய மேடைக்கும் வேண்டாம். கத்தியும் சூடான பாத்திரமும் படும் இடத்தில் வீட்டில் அடிக்கும் பெயிண்ட் தாங்காது.

எந்த மாதத்தில் செய்வது

தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். சுவருக்கு அது பொருந்தலாம். ஷட்டருக்குத் தை பிறந்த பிறகு தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். ஒரு பூச்சு காய்வதற்குள் பொறுமை போய்விடும். கத்திரி வெயிலிலோ எதிர்ச்சிக்கல்: பெயிண்ட் பரவி மட்டமாவதற்குள் காய்ந்து, ரோலர் தடம் அப்படியே நின்றுவிடும். தை, மாசி, பங்குனி மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது இந்த வேலைக்கு உகந்தது.

மேல் அலமாரி ஒரு தவணை, கீழ் அலமாரி ஒரு தவணை என்று பிரித்துக்கொண்டால் சமையல் நிற்காது.

வாங்க வேண்டியவை

பிரைமர்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் உட் பிரைமர் வெறும் மரத்துக்கானது. மைக்காவின் மேல் அது படுத்துக்கொள்ளுமே தவிரப் பிடித்துக்கொள்ளாது. டப்பாவின் மேல் லேமினேட், டைல்ஸ், கண்ணாடி ஆகியவற்றில் ஒட்டும் என்று எழுதியிருக்கும் பாண்டிங் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். நீர் அடிப்படையிலானதில் வாடை குறைவு. வீட்டில் செய்ய இதுவே வசதி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்யும் ஷெல்லாக் பிரைமரும் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் காயும். ஆனால் எளிதில் தீப்பற்றும். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) வகை மிக உறுதியானதுதான். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். தூசிக்குப் போடும் முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த வேலையைத் தகுந்த பாதுகாப்போடு பட்டறையில் செய்பவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மேல் பூச்சுக்கு நீர் அடிப்படையிலான எனாமல் வாங்கலாம். எண்ணெய் அடிப்படையிலான சிந்தெடிக் எனாமல் விலை குறைவு, பளபளப்பும் நன்றாக வரும். ஆனால் வாடை நாள்கணக்கில் நிற்கும். வெள்ளை நிறமாக இருந்தால் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளிக்கும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் கை படும் இடத்துக்குத் தாங்காது. முழு மேட் பூச்சில் மஞ்சள் கறையும் எண்ணெய்க் கையும் எளிதில் தங்கிவிடும். சாட்டின் அல்லது செமி கிளாஸ் எடுங்கள், துடைத்தால் போகும்.

டப்பாவில் ஈய அளவு பற்றிய வரியைப் படியுங்கள். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்டுகளில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்னும் இந்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய டப்பா மிச்சத்தையும், வண்டிக்கோ இயந்திரத்துக்கோ வாங்கிய பெயிண்ட்டையும் அடுக்களைக்குக் கொண்டுவராதீர்கள்.

அளவுக் கணக்கு எளிது. இரண்டரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம் உள்ள ஷட்டர் ஒரு பக்கம் 3.75 சதுர அடி. அப்படிப் 12 ஷட்டர்களுக்கு இரு பக்கமும் சேர்த்து 90 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 180. ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்தால் இரண்டு லிட்டர் போதும். உங்கள் டப்பாவில் உள்ள அளவைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

மற்றவை:

- உப்புத்தாள்: 180, 220, 320 எண்கள்
- 4 அங்குல ஃபோம் ரோலர், பெயிண்ட் தட்டு, ஓரங்களுக்கு ஒன்றரை அங்குல பிரஷ்
- பாத்திரம் துலக்கும் திரவம், சலவை சோடா, ரப்பர் கையுறை
- மரத்துக்கான பட்டி, பட்டித் தகடு
- மாஸ்கிங் டேப், பழைய பருத்தித் துணி, என்95 முகக்கவசம்

முதலில் ஒரே ஒரு ஷட்டர்

எல்லா ஷட்டரையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். கண்ணில் படாத ஒரு சிறிய ஷட்டரை எடுத்து, கீழே சொல்லும் எல்லா வேலையையும் அதன் பின்புறத்தில் ஓர் அடி இடத்துக்குச் செய்யுங்கள். ஒரு வாரம் விடுங்கள். பிறகு கூரான பிளேடால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே ஆறு கோடு, நெடுக்கே ஆறு கோடு கீறுங்கள். சிறு சிறு கட்டங்கள் உண்டாகும். பார்சல் டேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள்.

கட்டங்கள் அப்படியே நின்றால் தைரியமாக மற்ற ஷட்டர்களைத் தொடங்கலாம். டேப்பில் பிரைமரும் சேர்ந்து வந்து, அடியில் பழைய மைக்கா தெரிந்தால், எண்ணெய் போகவில்லை, சரியாகத் தேய்க்கவில்லை, அல்லது பிரைமர் பொருந்தவில்லை. பிரைமர் ஷட்டரிலேயே நின்று, மேல் நிறம் மட்டும் வந்திருந்தால், இரண்டு பூச்சுகளுக்கு இடையில் கொடுத்த நேரத்திலோ நடுவில் தேய்த்ததிலோ குறை. இந்த ஒரு வாரம் வீண் இல்லை. பன்னிரண்டு ஷட்டரில் உரிந்தபின் தெரிய வேண்டியதை ஒரு மூலையிலேயே தெரிந்துகொள்கிறீர்கள்.

கழற்றுதல்

ஷட்டரை மாட்டியபடியே அடித்தால் ஓரங்கள் ஒருபோதும் சரியாக வராது. கழற்றிவிடுங்கள். ஒவ்வொன்றும் எந்த இடத்துக்குரியது என்பதை ஹிஞ்ச் குழிக்குள் எண்ணாக எழுதுங்கள். அந்த இடத்தில் பெயிண்ட் படாது, பிறகு ஹிஞ்ச் மூடிவிடும். திருகுகளையும் ஹிஞ்சுகளையும் அதே எண்ணிட்ட கவரில் போடுங்கள். கைப்பிடியை மாற்றப்போகிறீர்கள் என்றால் புதியதன் துளை இடைவெளியை இப்போதே அளந்து, பழைய துளையை அடைக்க வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

சிங்க்கை ஒட்டிச் சிலிகான் பூசியிருந்தால் அதைப் பிளேடால் முழுவதும் அறுத்தெடுங்கள். சிலிகான் இருக்கும் இடத்தில் எந்தப் பெயிண்ட்டும் ஒட்டாது.

எண்ணெய் எடுத்தல்

தாளிப்பில் எழும் எண்ணெய் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் ஷட்டர் மேல் படிந்து, தூசியோடு சேர்ந்து பிசுக்காகிறது. அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும் ஷட்டர்கள், கைப்பிடியைச் சுற்றிய இடம், மேல் அலமாரியின் அடிப்பாகம் ஆகியவற்றில் இது அதிகம். சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, காலண்டர் ஒட்டிய டேப்பின் பசை இவையும் இருக்கும்.

பிசுக்கை எடுத்த பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். பிசுக்கின் மேல் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

வெந்நீரில் பாத்திரத் திரவமும் சிறிது சலவை சோடாவும் கலந்து, கையுறை போட்டு, துணியால் துடையுங்கள். மர ரேகை பதித்த மைக்காவில் பழைய பல் பிரஷ்ஷால் ரேகையோடு ஒட்டித் தேயுங்கள். நீர் நிறம் மாறும்போதெல்லாம் புது நீர் எடுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைக்க வேண்டும்; சோடா மிச்சம் இருந்தாலும் பிரைமர் பிடிக்காது. டேப் பசையை நீலகிரித் தைலத்தால் எடுக்கலாம். எடுத்தபின் அந்த இடத்தைச் சோப்பு நீரால் மறுபடி கழுவ வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டாக இருந்தால் நன்றாகப் பிழிந்த துணியையே பயன்படுத்துங்கள். இரவு முழுதும் காயட்டும்.

உப்புத்தாள்

180 எண் தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிச் சீரான அழுத்தத்தில் தேயுங்கள். பிறகு 220. நோக்கம் மைக்காவை எடுப்பதல்ல, அதன் பளபளப்பைக் கொல்வது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஷட்டர் முழுதும் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரே மங்கலாகத் தெரிய வேண்டும். பளிச்சென்று மின்னும் இடம் எங்கே இருக்கிறதோ அங்கே நாளை பெயிண்ட் உரியும். மூலைகள், எட்ஜ் பேண்ட் ஒட்டிய ஓரங்கள், கைப்பிடித் துளையைச் சுற்றிய இடம் ஆகியவற்றைக் கையால் தேயுங்கள். தூக்கியிருக்கும் எட்ஜ் பேண்டை ஒட்டிவிட்டுத் தொடருங்கள்.

மைக்காத் தூள் மூச்சுக்குக் கெடுதி. முகக்கவசம் போடுங்கள்; சமையலறையில் தேய்க்காமல் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ தேயுங்கள். கழற்ற முடியாத அலமாரிப் பாக்ஸின் முகப்பையும் பக்கப் பலகையையும் தேய்க்கும்போது பாத்திரங்களை மூடிவையுங்கள்.

தேய்த்தபின் தூசியை ஈரத்துணியால் இரண்டு முறை எடுத்து, பரப்பில் சில சொட்டுத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் மிச்சம் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி கழுவித் தேயுங்கள்.

பட்டி

பழைய துளைகளுக்கும் ஆழமான கீறல்களுக்கும் மரத்துக்கான பட்டியைச் சற்று மேடாக வைத்து, காய்ந்தபின் 220 எண் தாளால் மட்டமாக்குங்கள். சுவர்ப் பட்டி வேண்டவே வேண்டாம். வெள்ளை சிமெண்ட்டால் செய்யும் அந்தப் பட்டி மைக்காவில் பிடிக்காது. ஷட்டரை இரண்டு முறை அடித்துச் சாத்தினால் உதிரும். பெயிண்டரை வைத்துச் செய்தால் இதைத் தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரைமர்

தின்னர், ஸ்பிரிட் கலந்த எதையும் அடுப்பு எரியும் அறையில் திறக்காதீர்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்து, விளக்கேற்றுவதை அன்றைக்கு நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். பெயிண்ட் அடிக்க மொட்டை மாடியை விடக் கூடமே மேல். மாடியில் காற்றும் தூசியும் ஈரப் பெயிண்ட்டில் வந்து ஒட்டும்.

நான்கு மூடிகளின் மேல் ஷட்டரைப் படுக்கவையுங்கள். முதலில் பின்புறம், காய்ந்தபின் முன்புறம் என்று போனால் முகப்பில் தடம் விழாது. பிரஷ்ஷால் ஓரங்களை அடித்து, உடனே ரோலரால் பரப்பை மெல்லிய பூச்சாக அடியுங்கள். பிரைமர் நிறத்தை முழுவதும் மறைக்க வேண்டியதில்லை. பழைய மைக்கா லேசாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, 320 எண் தாளால் மென்மையாக ஒரு தடவல், துடைப்பு, இரண்டாம் பூச்சு. அடர்நிற மைக்காவின் மேல் வெளிர் நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டாம் பூச்சை விடக் கூடாது.

பெயிண்ட்

இங்கே ஒரே விதிதான்: மெல்லிய பூச்சு இரண்டு, கனமான பூச்சு ஒன்றைவிட உறுதியானது. ரோலரைத் தட்டில் நன்றாக வழித்து, ஷட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். முழுதும் பரவியபின் பாரம் கொடுக்காமல் ஒரே திசையில் கடைசி ஓட்டம் ஓட்டி விட்டுவிடுங்கள். காயத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். விட்டுப்போன திட்டு இருந்தால் அடுத்த பூச்சு பார்த்துக்கொள்ளும். ஓரங்களில் பெயிண்ட் தேங்கி வடிந்திருக்கிறதா என்று சில நிமிடம் கழித்துக் குனிந்து பாருங்கள்.

இரண்டு பூச்சுகளுக்கு இடையில் 320 எண் தாள், துடைப்பு. பாக்ஸின் உள்ளே தட்டும் டம்ளரும் நேரடியாகப் படும் தட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். ஹிஞ்ச் குழிக்குள்ளும் சேனலிலும் படக் கூடாது. மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள்.

காயும் காலம்

தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, உள்ளே இறுகுவது வேறு. நீர் எனாமல் சில மணி நேரத்தில் தொடும்படி காய்ந்துவிடும். முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது மூன்று நாள் விட்டு ஷட்டரை மாட்டுங்கள். நகத்தால் ஓரத்தை அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் இன்னும் பொறுங்கள். காயும் ஷட்டர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும்போது உள்மூலைகளில் சிறிய ரப்பர் பொட்டு ஒட்டினால் ஷட்டர் பாக்ஸோடு ஒட்டாது. பெயிண்ட்டின் கனத்தால் இரு ஷட்டர்கள் உரசினால் ஹிஞ்ச் திருகைச் சிறிது திருப்பி இடைவெளி கொடுங்கள்.

பிழையும் தீர்வும்

- சின்னச் சின்ன வட்டக் குழிகள்: எண்ணெயோ சிலிகானோ மிச்சம் இருக்கிறது. காயவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்து, கழுவி, பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.
- ஆரஞ்சுத் தோல் போன்ற பரப்பு: பெயிண்ட் கெட்டி, அல்லது வெயில் அதிகம். 320 எண்ணில் தேய்த்து, டப்பாவில் சொன்ன அளவுக்குள் நீர் கலந்து, மறுபடி அடியுங்கள்.
- வடிந்த தடம்: ஈரத்தில் தொடாதீர்கள். காய்ந்தபின் தேய்த்து மட்டமாக்குங்கள்.
- நாள்கணக்கில் பிசுபிசுப்பு: பூச்சு கனம், காற்றில் ஈரம் அதிகம். மின்விசிறிக் காற்றில் விட்டுக் காத்திருங்கள். அதன் மேல் இன்னொரு பூச்சு அடித்தால் நிலைமை மோசமாகும்.

பராமரிப்பு

முதல் மாதம் ஈரத்துணி மட்டும். அதன்பின் நீர்த்த பாத்திரத் திரவத்தில் நனைத்த மென்துணி. கம்பி நாரும் ஸ்க்ரப்பரும் கூடாது. மஞ்சள் பட்டால் உடனே துடையுங்கள். தங்கிய மஞ்சள் கறை வெயில் வெளிச்சம் படும் ஷட்டரில் தானே வெளுக்கும், நிழலில் இருப்பதில் நிற்கும். இட்லிப் பானையையும் குக்கரையும் மேல் அலமாரியின் நேர்கீழே வைக்காமல் சற்று முன்னால் இழுத்துவையுங்கள். தினமும் படும் ஆவி எந்தப் பூச்சின் ஓரத்தையும் தளர்த்தும்.

மீந்த பெயிண்ட்டில் சிறிது எடுத்து, காற்று புகாத கண்ணாடிப் பாட்டிலில் நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். கைப்பிடி ஓரத்தில் எப்போதாவது சிறிது பெயர்ந்தால் அந்த இடத்தை 320 எண் தாளால் தேய்த்து, துடைத்து, ஒரு தொடு பிரைமர், ஒரு தொடு பெயிண்ட் வைத்தால் பெயர்வு பரவாமல் அங்கேயே நின்றுவிடும்.